தாமதமா வந்தவனுக்குப் பொன்னாடை

கொஞ்சம் நகந்து உக்காருங்க. அந்தப் பையை மடியில வச்சுக்கிட்டீங்கன்னா நானும் உக்காந்துக்கலாம். போதும், போதும். காலு ரெண்டும் கெஞ்சுதுங்க. காலையில வீட்டை விட்டுக் கிளம்பினவ, இப்பதான் நிம்மதியா உக்கார்றேன். நீங்க திருச்சி வரைக்குமா? நான் குளித்தலையில இறங்கிடுவேன். சனிக்கிழமை, லீவு நாளுன்னு பேரு. ஊற வச்ச துணி ஊறினபடியே கிடக்கு வீட்டுல.

எங்க போயிட்டு வர்றேன்னா, பட்டறைக்கு. பஸ்ஸுக்குப் பாடி கட்டுவாங்கல்ல, இந்தக் கரூர்ல தெருவுக்குத் தெரு இருக்கே, அதுல ஒண்ணு. ஒரு பொம்பள போய் நிக்கிற இடமாங்க அது? ஒரு பக்கம் வெல்டிங் வெளிச்சம் கண்ணைக் குத்துது, ஒரு பக்கம் தகரத்தைப் போட்டு அடி அடின்னு அடிக்கிறாங்க. இன்னும் காதுக்குள்ள கொய்ங்குன்னுது. எல்லாம் எதுக்கு? ஒரு பயலைத் திரும்ப ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வர்றதுக்கு. வந்தானா? வரல.

நான் டீச்சருங்க. பேரு மங்கையர்க்கரசி, மங்கை டீச்சர்னா எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும். பத்தாம் வகுப்பு பி செக்‌ஷன் என் பொறுப்பு. அதுல சபரிநாதன்னு ஒரு பையன். பொங்கல் லீவு முடிஞ்சு கொஞ்ச நாள் வந்தான், அப்புறம் ஆளையே காணோம். கரூர்ல ஏதோ பட்டறை வேலைக்குப் போறான்னு பசங்க சொன்னாங்க. பப்ளிக் பரீட்சை வருது. அதுக்கு முன்னாடி வர்ற வாரம் சயின்ஸ் செய்முறைத் தேர்வு. அதுக்கு வரலைன்னா அந்த மார்க் போச்சு. அந்த மார்க் போனா அவன் பாஸாகறது கஷ்டம். எச்.எம். கூப்பிட்டு, "உங்க கிளாஸ் பையன் டீச்சர், நீங்கதான் எப்படியாவது கொண்டுவரணும்"னுட்டார். ஊருக்கு இளைச்சவ நான்தானே. "இன்னாசிமுத்து சாரையும் கூடக் கூட்டிட்டுப் போங்களேன்"னார். வேணாம் சார், என் கிளாஸ் பையனை எனக்குத் தெரியும், நானே பாத்துக்கறேன்னுட்டேன். இன்னாசிமுத்துங்கறவர் எங்க கணக்கு வாத்தியார். அவரைப் பத்தி அப்புறம் வர்றேன்.

இந்தப் பையன் ஏன் நின்னான்னு என்னைக் கேட்டா, சத்தியமா எனக்குத் தெரியலைங்க. ஏன்னா நான் அடிக்கிற டீச்சர் இல்ல. அதை முதல்லயே சொல்லிடறேன். முந்தி அடிச்சிருக்கேன், இல்லைங்கல. அப்ப எல்லாரும்தான் அடிச்சாங்க. பெத்தவங்களே வந்து, "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சுப்புடுங்க டீச்சர்"னு சொல்லிட்டுப் போவாங்க. அப்புறம் எங்களுக்கெல்லாம் ஒரு பயிற்சி வச்சாங்க. மெட்ராஸ்லேருந்து ஒரு அம்மா வந்திருந்தாங்க. கதர்ப் புடவை, மெதுவான பேச்சு. "பிள்ளைங்களும் மனுசங்கதான், மரியாதை குடுங்க, மரியாதை திரும்ப வரும்"னாங்க. மத்தவங்க எல்லாம் பின்னாடி உக்காந்து போனை நோண்டிக்கிட்டு இருந்தாங்க. எனக்கு அது நெஞ்சுல தச்சிடுச்சு. எந்திரிச்சு நாலு வார்த்தை பேசினேன். கடைசி நாள் எனக்குத்தான் பொன்னாடை போர்த்தினாங்க. பச்சைக் கலரு, ஓரத்துல ஜரிகை. வீட்டுக்கு வந்து பிரம்பை ரெண்டா உடைச்சு வெந்நீர் அடுப்புல வச்சேன்.

அன்னையிலேருந்து என் வாயில வாடா போடா கிடையாது. வாங்க, உக்காருங்க, சொல்லுங்க. அவ்வளவுதான். பாடம் படிக்காம வந்து நிக்கிறவனைக்கூட, "ஐயா நேத்து வெளியூர்ப் பயணமோ? நமக்காகப் புத்தகத்தைத் தொறக்க நேரம் கிடைக்கலையோ?"ன்னுதான் கேப்பேன். கிளாஸே கொல்லுன்னு சிரிக்கும். அடி இல்ல, திட்டு இல்ல, கிளாஸும் கலகலன்னு இருக்கும். ஒரு பொண்ணு வீட்டுப்பாடம் எழுதாம வந்தா. என்ன பண்ணேன் தெரியுமா? என் நாற்காலியில உக்கார வச்சேன். "மகாராணி உக்காருங்க, நாங்க நிக்கிறோம்"னு சொல்லிட்டு அந்தப் பீரியடு பூரா நின்னுகிட்டே பாடம் நடத்தினேன். எனக்கு வெரிகோஸ் நரம்பு இருக்குங்க, நிக்கக் கூடாது. அவளுக்காக நான் நிக்கிறேன், அவ என்னடான்னா தலையைக் கவுத்துக்கிட்டு மூக்கை உறிஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கா. நல்லதுக்குக் காலம் இல்லைங்க.

இந்தச் சபரிநாதன்கிட்ட ஒரே ஒரு குறைதான். லேட்டு. தினம் லேட்டு. பிரேயர் முடிஞ்சு, அட்டெண்டன்ஸ் எடுத்து, நான் பாடத்தை ஆரம்பிச்சு நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போது வாசல்ல வந்து நிப்பான். சட்டையெல்லாம் வேர்வை, மேல மாட்டு வாடை. "உள்ள வரலாமா மிஸ்?" வேற டீச்சரா இருந்தா முட்டி போட வச்சிருப்பாங்க, இல்ல கிரவுண்டைச் சுத்தி ஓட விட்டிருப்பாங்க. நான் கிளாஸைப் பார்த்து, "எல்லாரும் எந்திரிங்க, சிறப்பு விருந்தினர் வந்திருக்கார்"னேன். எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டினாங்க. "வருக வருக"ன்னாங்க. அவன் போய் உக்கார்ற வரைக்கும் கை தட்டணும்னு சொல்லிட்டேன். கடைசி பெஞ்சுங்க அவன், நடந்து போறதுக்குள்ள கை வலிச்சிடும் பிள்ளைங்களுக்கு.

அதுக்கும் அவன் மாறல. "ஐயாவுக்கு இன்னிக்கு என்ன அலுவல்?"னு கேப்பேன். எல்லார் முன்னாடியும் வெளிப்படையாத்தான் கேக்கறேன். வாயைத் தொறக்க மாட்டான். கல்லு மாதிரி நிப்பான். எனக்கு எரிச்சலா வரும், ஆனா அடக்கிக்குவேன். அப்புறம்தான் யோசிச்சேன், கைதட்டு பத்தலை போலன்னு. வீட்டுல பீரோவுல சும்மாதானே கிடக்குன்னு அந்தப் பொன்னாடையைக் கொண்டு போனேன். இதைப் பாருங்க, எனக்குக் கிடைச்ச மரியாதை அது. என் கல்யாணத்துக்கப்புறம் என்னைக் கூப்பிட்டு யாரும் எதுவும் போர்த்தினதில்ல. அதைக் கொண்டு போய் ஒரு மாணவனுக்குப் போர்த்தறேன்னா எனக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும்?

மறுநாள் லேட்டா வந்தான். போர்த்தினேன். சாயங்காலம் பெல் அடிக்கிற வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னு சொன்னேன். அது சும்மா ஒரு ஞாபகத்துக்கு. மத்தியானம் சத்துணவு வரிசையில அதைப் போர்த்திக்கிட்டே தட்டை ஏந்திக்கிட்டு நின்னான். மத்த கிளாஸ் பசங்க பொன்னாடை பொன்னாடைன்னு பேரு வச்சிட்டாங்க. அது பசங்க வேலை, நான் வைக்கச் சொல்லல.

ரெண்டு மூணு தடவை போர்த்தின பிறகு ஒரு நாள், ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து நின்னான். ரெண்டு கையையும் இப்படி முன்னாடி நீட்டிக்கிட்டு. "மிஸ், அடிச்சிடுங்க மிஸ். எவ்வளவு வேணாலும் அடிங்க. அதை மட்டும் போடாதீங்க மிஸ்"ங்கறான். நீங்களே சொல்லுங்க, அன்னிக்கு அவனுக்கு நான் ரெண்டு போட்டிருந்தா யார் கேக்கப் போறாங்க? அவனே கேக்கறான். ஆனா நான் கொள்கையை விடல. "தம்பி, நான் உங்க மேல கை வைக்க மாட்டேன். உங்களை மரியாதையாத்தான் நடத்துவேன்"னேன். அந்த மெட்ராஸ் அம்மா பக்கத்துல இருந்து பார்த்திருக்கணும்.

இன்னாசிமுத்து அங்கதான் பேப்பர் திருத்திக்கிட்டு உக்காந்திருந்தார். பையன் போனதும், "டீச்சர், அந்தப் பொன்னாடையை விட்டுடுங்களேன்"னார். ஏன் சார்னேன். "அவங்க அம்மா விடியறதுக்கு முன்னாடி பூ பறிக்கப் போயிடறாங்க. இவன்தான் மாட்டைக் கறந்து, தங்கச்சிக்குச் சோறாக்கிக் குடுத்து அனுப்பிட்டு, சொசைட்டியில பாலை ஊத்திட்டு வர்றான். பால் வண்டி வந்தாத்தான் ஊத்த முடியும். அதான் லேட்டு"ன்னார். எனக்குச் சுருக்குன்னுது. அதை என்கிட்ட சொல்றதுக்கு என்னங்க? நான் என்ன புலியா, சிங்கமா? தினம் எல்லார் முன்னாடியும் கேட்டேனே, அப்ப வாயில கொழுக்கட்டையா? அவர்கிட்ட மட்டும் போய்ச் சொல்லியிருக்கான். "சொன்னானா, நீங்க கேட்டீங்களா?"ன்னேன். "பெல் அடிச்சப்புறம் கூட நடந்து போகும்போது கேட்டேன்"னார். கூட நடந்தாராம்.

அந்த ஆளைப் பத்திச் சொல்றேன் கேளுங்க. பயிற்சிக்கெல்லாம் வந்ததே கிடையாது. பிள்ளைங்களை "என்னடா ராசா"ன்னுதான் கூப்பிடுவார். லேட்டா எவனாவது வந்தா, பேச்சை நிறுத்தாம கண்ணாலயே போய் உக்காருன்னு காட்டிட்டுக் கணக்கைப் போட்டுக்கிட்டே இருப்பார். அவன் விட்டதை போர்டு ஓரத்துல எழுதி அழிக்காம வச்சிருப்பார். அது என்ன கண்டிப்பு? ஒரு நாள் கணக்கு ஒண்ணைத் தப்பாப் போட்டுட்டாராம். ஒரு வாண்டு எந்திரிச்சுச் சொல்லியிருக்கு. "ஆமாப்பா, என் தப்புதான், மன்னிச்சுக்க"ன்னாராம். வாத்தியார் பிள்ளைங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறதாவது. ஆனா அவர் கிளாஸ்ல ஊசி விழுந்தா கேக்கும். எப்படின்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. என் கிளாஸ்ல நான் திரும்பி போர்டுல எழுதறதுக்குள்ள சந்தைக்கடை ஆயிடும். அத்தனை மரியாதை குடுக்கறேன், ஒண்ணாவது திரும்ப வரணுமே.

அவர் சொல்லி நான் நிறுத்தறதாங்க? இருபது வருஷத்துக்கு மேல சர்வீஸ் போட்டவ நான். சரி, காரணம் இருக்கட்டும், மாடு இருக்கட்டும், பால் இருக்கட்டும். ஒழுக்கம்னு ஒண்ணு இருக்குல்ல? பொங்கல் முடிஞ்சு ஒரு திங்கக்கிழமை. எச்.எம். மீட்டிங் போயிட்டார், பிரேயரை நான்தான் நடத்தினேன். ஸ்கூலே கிரவுண்டுல நிக்குது. கேட்டுக்கு வெளியே சைக்கிளோட இவன் நிக்கிறான். கூப்பிட்டேன். மேடைக்கு வரச் சொன்னேன். மைக்ல சொன்னேன்: "எவ்வளவு சொன்னாலும் தன் வழக்கத்தை மாத்திக்காத நம்ம சபரிநாதன் அவர்களுக்குப் பள்ளியின் சார்பா பொன்னாடை." போர்த்தினேன். மொத்த ஸ்கூலும் கை தட்டுச்சு. அவன் தங்கச்சி ஆறாம் வகுப்புல படிக்குது. அது முன் வரிசை. அதுதான் எல்லாரையும் விட பலமாத் தட்டுச்சு, குதிச்சுக் குதிச்சுத் தட்டுச்சு. அண்ணனுக்குப் பரிசு குடுக்கறாங்கன்னு நெனச்சிடுச்சு போல. மைக் வேற கரகரன்னுது, சரியாக் கேட்டிருக்காது. அவன் அதையே பார்த்துக்கிட்டு நின்னான். அன்னைக்குச் சாயங்காலம் பொன்னாடையை அழகா மடிச்சு என் மேசை மேல வச்சிட்டுப் போனான். ஜரிகை கசங்காம மடிச்சிருந்தான். அதான் கடைசி.

இன்னைக்குக் காலையில முதல்ல அவன் வீட்டுக்குத்தான் போனேன், பட்டறை எங்க இருக்குன்னு கேக்க. அவங்க அம்மா அப்பதான் பூக்கூடையோட வர்றாங்க. நான் யாருன்னு சொன்னதும் அந்தம்மா முந்தானையால நாற்காலியைத் தொடைச்சு, "நீங்கதானா டீச்சர் அது? என் புள்ளைக்குப் பொன்னாடை போத்துன டீச்சரு?"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. சின்னது வீட்டுக்கு ஓடிவந்து சொல்லியிருக்கு. "எங்க வம்சத்துலயே யாருக்கும் இப்படி ஒண்ணு நடந்ததில்லீங்க டீச்சர். பூ பறிக்கப் போற இடத்துல அத்தனை பேருகிட்டயும் சொன்னேன். அந்தத் துணியை எங்கடா, ஒருதடவை கண்ணுல காட்டுடான்னா, ஸ்கூல்லயே பத்திரமா வச்சிருக்காங்கம்மாங்கறான். அப்படிப்பட்ட இடத்தை விட்டுட்டு ஏன் போனான்னே தெரியலீங்க. கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்கறான். நீங்க சொன்னா கேப்பான் டீச்சர்." எனக்குக் கலர் சோடா வாங்கிட்டு வரச் சொல்லிச் சின்னதைக் கடைக்கு விரட்டினாங்க.

நான் எதுவும் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? அந்தம்மா சந்தோஷமா இருக்காங்க, அதை எதுக்குக் கெடுக்கணும்? கலரைக் குடிச்சிட்டு கிளம்பிட்டேன். ஆனா பாருங்க, பெத்தவளுக்கே அது மரியாதைன்னு புரியுது. இந்தப் பயலுக்குத்தான் புரியல. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு சும்மாவா சொன்னாங்க?

பட்டறைக்குப் போனா, கையெல்லாம் கருப்பு, முட்டிக்கு மேல மடிச்ச பேண்ட்டு, ஆளே பாதியாயிட்டான். என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு நின்னான். எனக்குப் பின்னாடி எட்டிப் பார்த்தான். "சார் வரலையா மிஸ்?"னான். எந்த சாருன்னு நான் கேக்கல. ஒரு ஸ்டூலைத் தொடைச்சுப் போட்டான், ஓடிப்போய் டீ வாங்கிட்டு வந்தான். நான் சொன்னேன், "தம்பி, நடந்ததெல்லாம் நான் மறந்துட்டேன், உங்களை மன்னிச்சுட்டேன், வாங்க போகலாம்"னு. அந்த நேரம் பார்த்துப் பட்டறை மேஸ்திரி வந்து, ஏதோ ஆணியை மாத்தி எடுத்து வச்சிட்டானாம், பொடனியில ஒண்ணு போட்டார் பாருங்க, எனக்கே வலிச்சுது. "தம்பி, இங்க அடிக்கிறாங்களே, இதையா பெருசுன்னு வந்தீங்க?"ன்னேன். "அடிப்பாரு மிஸ். அடிச்சிட்டு அப்பவே மறந்துடுவாரு. வாடா சாப்பிடலாம்பாரு"ங்கறான்.

கேட்டீங்களா? அடியாத மாடு படியாது. இவனுங்களுக்கு அடிதான் வேணும். நான்தான் பைத்தியக்காரி மாதிரி பிரம்பை உடைச்சு அடுப்புல வச்சேன்.

நான் எந்திரிச்சுட்டேன். அப்பதான் பக்கத்துல வந்து, "மிஸ், அம்மாகிட்ட அது எதுக்குப் போட்டீங்கன்னு சொல்லிட்டீங்களா?"ன்னான். சொல்லலன்னேன். அழுக்குக் கையோட அப்படியே கும்பிட்டான். "ரொம்ப நன்றி மிஸ். சொல்லிடாதீங்க மிஸ். தங்கச்சிக்கும் தெரிய வேணாம்"னான். கண்ணுல தண்ணி. இத்தனை நாள்ல அன்னைக்குத்தான், இல்ல இன்னைக்குத்தான், என்னை மனசாரக் கும்பிட்டிருக்கான். அப்ப மரியாதை தெரியாமலா இருக்கான்? தெரியுது. நமக்குக் குடுக்கணும்னு தோணல, அவ்வளவுதான்.

சரி, மனசு இளகிட்டான்னு நெனச்சு, "அப்ப வாங்க, திங்கக்கிழமை செய்முறைத் தேர்வு"ன்னேன். என்ன சொன்னான் தெரியுமா? "பரீட்சை எழுதணும்னு ஆசைதான் மிஸ். ராத்திரியெல்லாம் அதே நெனப்புதான். இன்னாசிமுத்து சாரை ஒரு தடவை வந்து கூப்பிடச் சொல்றீங்களா? சார் கூட நடந்து வந்தேன்னா கேட்டுக்குள்ள வந்துடுவேன் மிஸ். தனியா வர முடியல."

எனக்கு எப்படி இருக்கும்? வெயில்ல, வெரிகோஸ் காலை வச்சுக்கிட்டு, ரெண்டு பஸ் மாறி, லீவு நாள்ல, அவனைத் தேடி வந்தது யாரு? நானு. வீட்டுல ஹாயாப் படுத்துக்கிட்டு இருக்கறது யாரு? அவரு. அவர் வந்து கூப்பிடணுமாம். டீயைப் பாதியிலேயே வச்சிட்டு வந்துட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் பின்னாடியே வந்தான். "சொல்றீங்களா மிஸ்?"னு மறுபடியும் கேட்டான். பஸ் எடுக்கற வரைக்கும் அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தான். நீங்ககூடப் பார்த்திருப்பீங்க, அந்த டைம் கீப்பர் ரூம் பக்கம், கருப்புக் கையோட.

போன் இருக்குங்க, ஏன் இல்ல. இன்னாசிமுத்து நம்பரும் இருக்கு. ஆனா அவர்கிட்ட நான் எப்படிச் சொல்றது? நான் போனேன், என்னோட வரல, நீங்க வந்தாத்தான் வருவானாம்னா? அப்படி ஒரு வார்த்தை என் வாயிலேருந்து வருமா? ஸ்டாஃப் ரூம்ல அப்புறம் நான் தலை காட்ட முடியுமா? எச்.எம். திங்கக்கிழமை கேட்டா, போனேன், கூப்பிட்டேன், வரல சார்னு சொல்லிடுவேன். அதுல என்ன பொய் இருக்கு? போனேன். கூப்பிட்டேன். வரல.

என்னங்க நீங்க ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க. ஜன்னலைப் பார்த்துக்கிட்டே வர்றீங்க. தப்பா எதுவும் பேசிட்டேனா? இவ்வளவு நேரம் கேட்டீங்களே, நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. அந்தப் பிள்ளையை நான் ஒரு அடி, ஒரே ஒரு அடி, அடிச்சிருக்கேனா?